கோலை விட்டு ஓடும் கோல் கீப்பர்

ராயப்பேட்டை பீட்டர்ஸ் ரோடில் மாலை நாலு மணிக்கு நின்று பார்த்தால், கல்லூரி விட்டு வரும் இளைஞர் கூட்டத்தில் ஹாக்கி ஆட்டக்காரர்களைச் சுலபமாகக் கண்டுபிடித்து விடலாம். முதுகில் நீளமாக ஒரு மட்டைப் பை தொங்கும். அவ்வளவுதான் அவர்களுடைய சுமை. ஆனால் கூட்டத்தில் ஒருவன் மட்டும், ஏதோ குடித்தனத்தையே வேறு பேட்டைக்கு மாற்றுகிறவன் போல, ஆள் உயர மூட்டை ஒன்றைச் சுமந்து வருவான். பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் முறைப்பார். ஆட்டோவில் ஏறினால் மூட்டை ஸீட்டில் உட்காரும். அவன் ஓரத்தில் தொற்றிக் கொள்வான். அவன்தான் டீமின் கோல் கீப்பர்.

மூட்டைக்குள் என்ன இருக்கிறது? தலைக்கவசம், தொண்டைக்கும் மார்புக்கும் காப்பு, கைகளுக்குத் தடித்த உறைகள், பஞ்சு வைத்துத் தைத்த அரை நிஜார், இரண்டு கால் கவசங்கள், பாதத்தின் மேல் மாட்டிக் கொள்ள உதைகட்டை போன்ற இரண்டு ‘கிக்கர்’கள். நல்ல ஸெட் வாங்கப் பல பதினாயிரம் ரூபாய் ஆகும். கேரளத்திலே கிழக்கம்பலம் என்ற கிராமத்தில் ஒரு விவசாயி, மகனுக்கு இந்தக் கவசங்களை வாங்கிக் கொடுக்க வீட்டுப் பசுவை விற்றார் என்பது ஹாக்கி ரஸிகர்கள் எல்லோரும் அறிந்த கதை. அந்த மகன்தான் ஸ்ரீஜேஷ். அவரைப் பற்றிப் பிறகு பார்ப்போம்.

1951-ல் ஆரம்பமான நியூ காலேஜும், ஒய்.எம்.சி.ஏ. மைதானமும் உள்ள ராயப்பேட்டையிலிருந்து, கூவத்தைத் தாண்டினால் எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியம். சென்னையில் ஹாக்கி என்றால் அந்த இடம்தான். அங்கே கல்லூரிப் பந்தயம் நடக்கும்போது காலரியில் உட்கார்ந்து பாருங்கள். பந்தயம் தொடங்கிப் பத்து நிமிஷத்திற்குள், எந்தக் கோல் கீப்பர் எந்த ஜாதி என்று தெரிந்து போகும்.

கோல் கீப்பர்களில் இரண்டு ஜாதி உண்டு. ஒருவன் கோட்டை விட்டு நகர மாட்டான். கம்பங்களுக்கு நடுவில் கோயில் துவாரபாலகர் மாதிரி நிற்பான். வந்த பந்தைத் தடுப்பான். வராத பந்தைப் பற்றிக் கவலைப்பட மாட்டான். இன்னொருவன் நிலைகொள்ளாதவன். எதிரி பார்வர்ட் பந்துடன் ‘டி’ வட்டத்துக்குள் நுழைந்த மாத்திரத்தில் இவன் பாய்ந்து கிளம்பி விடுவான். பந்து தன் பக்கம் கொஞ்சம் அசட்டையாக உருண்டு வந்தால் போதும், தானே ஓடிப் போய் காலால் எத்தி, ஓரத்தில் நிற்கும் தன் ஆளுக்கு அனுப்பி வைப்பான். வேலை பலித்தால் காலரியில் கைதட்டல். பலிக்காவிட்டால்—

“ஏண்டா, உன்னை யாருடா அவ்வளவு தூரம் போகச் சொன்னது?”

“சார், பந்து எனக்குத்தான் சார் கிட்ட இருந்தது.”

“கிட்ட இருந்ததா? இப்போ எங்கே இருக்கு? கோலுக்குள்ளே இருக்கு!”

பயிற்சியாளருக்கும் இப்படிப்பட்ட கோல் கீப்பருக்கும் இந்தச் சம்பாஷணை நடக்காத கல்லூரி மைதானம் கிடையாது.

விளக்கும் கையும்

அப்படியானால் பேசாமல் கோட்டிலேயே நின்றால் என்ன? இங்கேதான் கணக்கு இடறுகிறது.

ஹாக்கி கோலின் அகலம் 12 அடி, உயரம் 7 அடி. ‘டி’ வட்டத்தின் எல்லையோ கோலிலிருந்து 16 கஜம். அந்த எல்லையிலிருந்து மணிக்கு 100 கிலோ மீட்டர் வேகத்தில் ஒரு பந்து புறப்பட்டால், அது கோலை வந்து சேர அரை விநாடிக்குச் சற்று மேல்தான் ஆகும். இந்த அரை விநாடியில் கோல் கீப்பர் பந்தைப் பார்த்து, திசையைப் புரிந்து கொண்டு, கையையோ காலையோ கொண்டு போக வேண்டும். பந்தின் கனம் 160 கிராம் சொச்சம். தொட்டால் கல் மாதிரி இருக்கும். கோட்டில் நிற்பவனுக்கு இரு புறமும் காலி இடம் ஏராளம்.

வீட்டில் அகல் விளக்கை ஏற்றிச் சுவருக்கு எதிரே வைத்துப் பாருங்கள். கையைச் சுவரோரமாக நீட்டினால், கை அளவுக்குத்தான் நிழல் விழும். அதே கையை விளக்கின் பக்கத்தில் கொண்டு போனால் பாதிச் சுவர் இருண்டு விடும். பந்து வைத்திருப்பவன் விளக்கு, கோல்தான் சுவர். கோல் கீப்பர் நாலு எட்டு முன்னால் போய் விட்டால், அடிக்கிறவன் கண்ணுக்குக் கோல் மறைந்து போகிறது. அடிக்க இடமில்லாமல் அவன் தயங்குவான். தயங்கும்போது பாக் ஆட்டக்காரர் வந்து பந்தைத் தட்டிக் கொண்டு போய் விடுவார். ஸ்கோர் புத்தகத்தில் இதற்கு ஒரு வரியும் இல்லை. கோல் கீப்பர் பந்தைத் தடுத்ததாகக் கூடக் கணக்கில் வராது. ஏனென்றால் யாரும் அடிக்கவே இல்லையே!

துணிச்சலான கோல் கீப்பருக்கு நேரும் பெரிய அநியாயம் இதுதான். அவன் செய்யும் நல்லது கண்ணுக்குத் தெரிவதில்லை. முளைக்கு முன்பே கிள்ளி எறிந்த ஐந்து தாக்குதல்களை யாரும் எண்ணுவதில்லை. ஆறாவது தடவை பந்து காலுக்கடியில் நழுவிக் காலிக் கோலுக்குள் உருண்டு போவதை மைதானம் முழுவதும் பார்க்கிறது. கோட்டில் நின்றபடியே நாலு கோல் வாங்கியவனை, “பாவம், என்ன செய்வான், பாக்குகள் சரியில்லை” என்கிறோம். வெளியே வந்து ஒரு கோல் வாங்கியவனை, “திமிர் பிடித்தவன்” என்கிறோம்.

சட்டமும் அவனுக்கு வேலி போட்டிருக்கிறது. ‘டி’ வட்டத்துக்குள் இருக்கும் வரையில் அவன் ராஜா: கால், கை, உடம்பு எதனாலும் பந்தைத் தடுக்கலாம். வட்டத்தைத் தாண்டி ஓர் அங்குலம் போனாலும் மட்டையைத் தவிர வேறெதனாலும் பந்தைத் தொடக் கூடாது. இத்தனை கவசங்களையும் மாட்டிக் கொண்டு மட்டையால் ஆடுவது, கம்பளிக் கையுறை போட்டுக் கொண்டு ஊசியில் நூல் கோப்பது போலத்தான். வட்டத்துக்குள்ளும் கையால் பந்தை வெகு தூரம் தள்ளி அனுப்பக் கூடாது. பந்தின் மேல் படுத்துக் கொள்ளவும் கூடாது. முழுக் கவசத்துடன் 23 மீட்டர் கோட்டைத் தாண்டுவதானால் பெனால்டி ஸ்ட்ரோக் அடிக்கப் போகும்போது மட்டுமே உத்தரவு உண்டு. ஆகவே, தூரமாகப் பந்தை அனுப்ப அவனுக்கு உள்ள ஆயுதம் கால் ஒன்றுதான்.

அந்தக் கால் வித்தையும் காலத்துக்குத் தக்கபடி மாறி விட்டது. பழைய நாட்களில் கிரிக்கெட் பாட் போன்ற தோல், துணிக் கவசங்கள். அதில் பட்ட பந்து செத்த மாதிரி காலடியில் விழும். விழுந்த பந்தை மறு உதையில் அப்பால் அனுப்ப வேண்டும். அதற்குள் எதிரி மட்டை நுழைந்து விடும் ஆபத்து உண்டு. இப்போதைய ரப்பர் நுரைக் கவசத்தில் பட்ட பந்து தானே துள்ளித் தெறிக்கிறது. தடுப்பதும் அனுப்புவதும் ஒரே செய்கையாகி விட்டன. காலைச் சற்றுத் திருப்பி வைத்தால் பந்து ஓரக் கோட்டுக்குப் போகும். திருப்பத் தவறினால் நேரே நடு மைதானத்துக்கு, எதிரியின் மட்டைக்கே, விருந்தாகப் போய்ச் சேரும். இந்தத் திருப்பம் ஓரிரண்டு விரற்கடை விஷயம்!

மோவ் தந்த கால்கள்

காலால் ஆடும் கலையை இந்தியாவில் உச்சிக்குக் கொண்டு போனவர் சங்கர் லட்சுமண். மத்தியப் பிரதேசத்தில் மோவ் என்ற ராணுவ நகரில் 1933-ல் பிறந்தவர். ஹாக்கிக்கு வருமுன் அவர் கால்பந்து ஆட்டக்காரர். 1947-ல் ராணுவத்தில் பாண்டு வாத்தியக்காரராகச் சேர்ந்து, மராட்டா காலாட் படையில்தான் ஹாக்கி மட்டையைப் பிடித்தார். கால்பந்தில் பழகிய கால் என்பதால் பந்தைக் கண்டு ஒதுங்கவில்லை. முகமூடி, தலைக்கவசம் எதுவும் இல்லாத காலம் அது. கல்லைப் போன்ற பந்துக்கு எதிரே, பெயருக்கு இரண்டு பாடுகளைக் கட்டிக் கொண்டு நின்றார் மனிதர்.

1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா ஒரு கோல் கூட வாங்காமல் தங்கப் பதக்கம் பெற்றது. இறுதிப் பந்தயத்தில் பாகிஸ்தானை 1-0 என்ற கணக்கில் ஜயித்தோம். நாலு வருஷம் கழித்து ரோமில் அதே 1-0; ஆனால் இந்தத் தடவை ஜயம் பாகிஸ்தானுக்கு. 1928 முதல் தொடர்ந்து ஆறு ஒலிம்பிக்குகளில் தங்கம் வாங்கிய இந்தியாவின் பெருமை அந்த ஒரு கோலில் அறுந்தது. கோலில் நின்றவர் லட்சுமண். ஒரு கோல் கீப்பருக்கு இதைவிடப் பெரிய பாரம் வேண்டுமா?

பாரத்தை இறக்கி வைக்க அவர் 1964 வரையில் காத்திருந்தார். டோக்கியோவில் மறுபடியும் இறுதிப் பந்தயம், மறுபடியும் பாகிஸ்தான். மொஹிந்தர் லால் பெனால்டி ஸ்ட்ரோக்கில் ஒரு கோல் போட்டார். அதற்குப் பிறகு பாகிஸ்தான் பார்வர்டுகள் அலை அலையாக வந்து மோதினார்கள். லட்சுமண் கோலுக்குள் ஒரு பந்தையும் விடவில்லை. தங்கம் திரும்பி வந்தது. அந்த வருஷமே அவருக்கு அர்ஜுனா விருதும் கிடைத்தது. 1966-ல் பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் அவரையே காப்டனாக்கினார்கள். இந்திய ஹாக்கிக் குழுவுக்குத் தலைமை தாங்கிய முதல் கோல் கீப்பர் அவர்தான். அங்கேயும் பாகிஸ்தானை வென்று தங்கம்.

அத்தனையும் செய்தவரை 1968 மெக்ஸிகோ ஒலிம்பிக்குக்குத் தேர்ந்தெடுக்கவில்லை. அத்துடன் அவர் ஆட்டத்தை விட்டு விட்டார். மெக்ஸிகோவுக்குப் போன இரு கோல் கீப்பர்களில் ஒருவர் நம் தமிழ்நாட்டைச் சேர்ந்த முனீர் சேட். வெண்கலப் பதக்கம் வென்ற அந்தக் குழுவில் வி. ஜே. பீட்டர், கிருஷ்ணமூர்த்தி பெருமாள் ஆகிய தமிழ்நாட்டு ஆட்டக்காரர்களும் இருந்தார்கள்.

லட்சுமண் 2006 ஏப்ரலில் மோவில் காலமானார். கடைசி நாட்களில் அவருக்கு வந்த நோய் காலில்தான். கால் அழுகத் தொடங்கியது. வெட்டி எடுக்க வேண்டும் என்றார்கள் டாக்டர்கள். அவர் இணங்கவில்லை, இயற்கை வைத்தியத்தை நம்பினார். எந்தக் காலால் இரண்டு ஒலிம்பிக் தங்கங்களைக் காப்பாற்றினாரோ, அந்தக் காலைக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை போலும்.

வெளியே போய் விழித்தவர்கள்

எல்லோருடைய துணிச்சலும் டோக்கியோவில் முடிவதில்லை. 1990 உலகக் கால்பந்துப் போட்டியில் கொலம்பியாவின் ரெனே ஹிகிடா என்ற கோல் கீப்பர், கோலை விட்டு வெகு தூரம் வந்து, பாக் ஆட்டக்காரர் மாதிரி பந்தைக் காலில் வைத்து வேடிக்கை காட்டப் பார்த்தார். காமரூனின் ரோஜர் மில்லா பந்தைப் பிடுங்கிக் கொண்டு ஓடிக் காலிக் கோலில் போட்டு விட்டார். கொலம்பியா 2-1 என்று தோற்று ஊருக்குத் திரும்பியது. 2014-ல் ஜெர்மனியின் மானுவல் நாயர், அல்ஜீரியாவுக்கு எதிரே அதே காரியத்தைத்தான் செய்தார்; மீண்டும் மீண்டும் கோலை விட்டு ஓடி வந்து பந்தை அப்புறப்படுத்தினார். ஜெர்மனி ஜயித்து, கோப்பையையும் எடுத்துப் போனது. ஒருவரை உலகம் பைத்தியம் என்றது. மற்றவரை மேதை என்றது. இருவருக்கும் நடுவே இருந்தது இரண்டு எட்டு வித்தியாசம் என்றால் மிகையல்ல.

நம் பழைய ஹாக்கிச் சரித்திரத்திலும் கோலை மறந்த ஒரு கீப்பர் கதை உண்டு. 1932-ல் லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்காவை இந்தியா 24-1 என்று நொறுக்கியது. அந்த ஒரு கோல் எப்படி விழுந்தது? கோல் கீப்பர் ரிச்சர்டு ஆலன் ஆட்டம் தன் பக்கம் வரவே இல்லை என்று அலுத்துப் போய், பின்னால் நின்ற ரஸிகர்களுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொண்டிருந்தார் என்று சொல்வார்கள். மூன்று ஒலிம்பிக்குகளில் ஆடி மொத்தம் இரண்டே கோல் வாங்கிய மனிதர். அதில் ஒன்றுக்கு இப்படி ஒரு கதை!

பனிக்கட்டி மேல் சறுக்கியபடி ஆடும் ஹாக்கி ஒன்று கானடாவில் பிரசித்தம். அங்கே பந்து கிடையாது, ரப்பர் வட்டுதான். 1950-களில் மான்ட்ரியல் குழுவின் ஜாக் பிளாண்ட் என்ற கோல் கீப்பர், கோலுக்குப் பின்னால் போய் வட்டை நிறுத்தித் தம் ஆட்களுக்கு எடுத்துக் கொடுக்கும் வழக்கத்தைப் பிரபலமாக்கினார். அது வரையில் யாரும் அப்படித் துணிந்து ஊர் சுற்றியதில்லை. 1959-ல் வட்டு முகத்தைக் கிழித்த பிறகு, முகமூடி போட்டால்தான் ஆடுவேன் என்று பிடிவாதம் பிடித்தவரும் அவர்தான். அவர் வழி வந்தவர்களுடைய கைவரிசை அதிகமாகி, 2005-ல் சட்டமே மாறியது. கோலுக்குப் பின்னால் ஒரு கட்டம் போட்டு, அதற்கு வெளியே மூலைகளில் கீப்பர் வட்டைத் தொடக் கூடாது என்றார்கள். நியூ ஜெர்ஸி குழுவின் மார்ட்டின் பிரோடரை மனத்தில் வைத்துப் போட்ட சட்டம் என்று அதற்கு அவர் பெயரையே வைத்து விட்டார்கள் ரஸிகர்கள்.

எட்டு விநாடி

நம் ஹாக்கியில் நடந்தது இதற்கு நேர் மாறு. இங்கே சட்டமே கோல் கீப்பரை வெளியே அழைக்கிறது. பந்தயம் சமமாக முடிந்தால் முன்பு பெனால்டி ஸ்ட்ரோக் அடிப்பார்கள். கோல் கீப்பர் கோட்டிலே நின்றபடி தலைவிதியை எதிர்பார்ப்பார். இப்போது ‘ஷூட்-அவுட்’. எதிரி ஆட்டக்காரன் 23 மீட்டர் கோட்டிலிருந்து பந்துடன் தனியே ஓடி வருவான். விசில் ஊதியதும் கோல் கீப்பரும் கிளம்பலாம். எட்டே விநாடிக்குள் கோல் விழ வேண்டும், இல்லாவிட்டால் போச்சு. கோட்டில் நிற்பவனுக்கு இங்கே வேலையில்லை. ஓடி வந்து, ஆனால் அவசரப்பட்டு விழுந்து விடாமல், எதிரியைப் பக்கவாட்டில் ஒதுக்கிக் கொண்டே போக வேண்டும். முதலில் தரையில் விழுபவன் தோற்பான் என்பது இதில் பாதி உண்மை.

பசுவை விற்று வாங்கிய பாடுகளுடன் தொடங்கிய ஸ்ரீஜேஷ் இதில் சமர்த்தர். 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கின் கால் இறுதியில், சிவப்பு அட்டையால் ஓர் ஆளை இழந்து பத்துப் பேருடன் ஆடிய இந்தியா, பிரிட்டனுடன் 1-1 என்று சமமாக நின்றது. ஷூட்-அவுட்டில் 4-2 என்று ஜயித்தது. அதற்கு மூன்று வருஷம் முன்பு டோக்கியோவில், ஜெர்மனியை 5-4 என்று வென்ற பந்தயத்தின் கடைசி விநாடிகளில் பெனால்டி கார்னரைத் தடுத்து வெண்கலத்தைக் காப்பாற்றியவரும் அவரே. 1980-ல் சென்னை லயோலா கல்லூரியின் பழைய மாணவரான வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் மாஸ்கோவில் தங்கம் வாங்கிய பிறகு, 41 வருஷம் கழித்து இந்திய ஹாக்கிக்குக் கிடைத்த ஒலிம்பிக் பதக்கம் அது.

இந்த எட்டு விநாடி வித்தையைச் சென்னை ரஸிகர்கள் நேரிலேயே பார்த்தார்கள். 2025 டிசம்பரில் ஜூனியர் உலகக் கோப்பை எழும்பூரில் நடந்தபோது, கால் இறுதியில் இந்தியாவும் பெல்ஜியமும் 2-2 என்று சமம். ஷூட்-அவுட்டில் இளம் கோல் கீப்பர் பிரின்ஸ்தீப் சிங் கம்பீரமாக வெளியே வந்து நின்றார். இந்தியா 4-3 என்று ஜயித்தது. வெளியே பெஞ்சில் பயிற்சியாளராக இருந்தவர் ஸ்ரீஜேஷ்.

இதையெல்லாம் பார்த்த பிறகு, கல்லூரிக் கோல் கீப்பர் கோட்டில் அடங்கி நிற்பானா? மாட்டான். நிற்கச் சொல்வதும் நியாயமல்ல. சிக்கல் வேறு எங்கோ இருக்கிறது. ஸ்ரீஜேஷுக்கு முன்னால் நிற்பவர்கள் வருஷக் கணக்கில் அவருடன் ஆடியவர்கள்; அவர் எப்போது கிளம்புவார் என்று அவர்களுக்கு மூச்சு விடுவது போலத் தெரியும். கல்லூரி டீமிலோ வருஷா வருஷம் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் போய் விடுகிறார்கள், புதியவர்கள் வருகிறார்கள். கீப்பர் “என் பந்து!” என்று கத்திக் கொண்டு ஓடி வரும்போது, பாக் ஆட்டக்காரனும் அதே பந்துக்கு ஓடுகிறான். இருவரும் முட்டிக் கொள்கிறார்கள். எதிரி நிதானமாகப் பந்தை எடுத்துக் கொண்டு போகிறான். கோலைப் பரிசோதித்தால், பாதித் தவறு கத்தத் தெரியாத கீப்பருடையது. பாதி, கேட்கத் தெரியாத பாக்குடையது.

இன்னொன்றும் உண்டு. மாநில அணிக்கோ பல்கலைக் கழக அணிக்கோ ஆள் எடுக்க வருகிறவர்கள் ஒரு கல்லூரிக் கோல் கீப்பரை இரண்டு மூன்று பந்தயங்கள்தான் பார்ப்பார்கள். அந்த இரண்டு நாளில் ஒரு தடவை கால் சறுக்கினால், மூன்று வருஷத்து உழைப்பும் மூட்டைக்குள் போய் விடும். கோட்டில் நின்றவனுக்கு அந்தப் பயமில்லை. பின்னால் ரயில்வேயிலோ பாங்கியிலோ விளையாட்டுக்காரர் ஒதுக்கீட்டில் உத்தியோகம் கிடைக்குமா என்பதும் இந்தத் தேர்வில்தான் தொங்குகிறது. வீட்டில் அம்மாவும் அப்பாவும் காத்திருப்பது அதற்குத்தான். ஆகையால் அவன் துணிச்சலைக் குறை சொல்கிறவர்கள், அவன் பந்தயம் வைப்பது எதை என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

கெட்டிக்காரப் பயிற்சியாளர் இப்படிப்பட்ட பையனைக் கட்டிப் போடுவதில்லை. எதிரியின் மட்டையிலிருந்து பந்து விலகி உருளும்போது மட்டும் கிளம்பு, மட்டையோடு ஒட்டியிருக்கும்போது கிளம்பாதே என்பார். உதைத்தால் ஓரத்துக்கு உதை. நடுவில் உதைக்காதே என்பார். கிளம்பிய பிறகு பாதி வழியில் மனம் மாறித் திரும்பாதே என்பார். கோல் கீப்பர்கள் வாங்கும் மோசமான கோல்களில் பெரும்பாலானவை இந்தத் தயக்கத்தில் விழுவனதான். பிறகு பாக் ஆட்டக்காரனைக் கூப்பிட்டு, இவன் கோலை விட்டு ஓடிய மறு கணம் நீ போய்க் கம்பத்துக்கு நடுவில் நில் என்று உத்தரவிடுவார்.

பாக் ஆட்டக்காரனுக்கு இது சற்றும் பிடிப்பதில்லை. “இவன் ஊர் சுற்றுவான், நான் கவசம் இல்லாமல் கோலில் நின்று அடி வாங்க வேண்டுமா சார்?” என்பான். ஆனாலும் போய் நிற்பான்.